வந்தவர் பெயரால் ஓர் ஊர்

ஊருக்குப் பெயர் சூட்டுவோர் தம்மிடம் உள்ளதைக் கொண்டே பெரும்பாலும் பெயர் சூட்டுவர். பெரிய நீர்நிலை இருந்தமையால் பெரியகுளம் என்றனர். தாமரை பூத்த குளத்தின் நினைவாகத் தாமரைக்குளம் என்றனர். கோயிலுக்கு உரிமையாக்கப்பட்ட நிலம் என்னும் பொருளில் தேவதானப்பட்டி என்றனர். மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் சிறு தொலைவுக்குள் அடுத்தடுத்து அமைந்த ஊர்கள் இவை. இவற்றிடையே ஓர் ஊர் மட்டும் நீரின் பெயரையோ நிலத்தின் பெயரையோ தாங்காமல், வேற்று நாட்டிலிருந்து வந்த மனிதரின் பெயரைத் தாங்கி நிற்கிறது. அதுவே வடுகபட்டி.

தேனி மாவட்டத்துக்கு வெளியே இப்பேரூரை அறிந்தோர் அதன் பூண்டுச் சந்தையால் அறிவர். கொடைக்கானல் மலைச்சரிவில் விளைந்து, புவிசார் குறியீடும் பெற்ற மலைப்பூண்டு மூட்டை மூட்டையாக இறங்கி வந்து விலைபோகும் இடம் அது. இலக்கிய அன்பர்கள் கவிஞர் வைரமுத்து வளர்ந்த ஊர் என்று அறிவர். நாம் இங்கு எடுத்துக்கொள்வது சந்தையையும் அன்று, கவிதையையும் அன்று. அவ்வூரின் பெயரை மட்டுமே. அந்த ஒரு சொல்லைப் பற்றிக்கொண்டு சற்றுப் பின்னோக்கி நடந்தால், கம்பம் பள்ளத்தாக்கின் இந்து மரபும் கிறிஸ்தவ மரபும் ஒரே பாதையில் நம் எதிரே வந்து நிற்பதைக் காணலாம்.

இந்த நடை வெறும் பொழுதுபோக்கு அன்று. 'இந்த மண்ணுக்கு உரியவர் யார், வந்தேறி யார்?' என்னும் கேள்வி இன்று வரலாற்று ஏடுகளை விட்டுத் தெருவுக்கு வந்துவிட்டது. கிறிஸ்தவரை நோக்கி 'நீங்கள் அந்நிய மதத்தார்' என்னும் குரல் ஒருபுறம் எழுகிறது. 'நேற்று வந்தவன் எங்கள் கோவிலில் எங்களுக்குச் சொல்வதா?' என்று நம் பங்குகளுக்கு உள்ளேயே மறுபுறம் ஒரு குரல் கேட்கிறது. இவ்விரண்டு குரலுக்கும் வடுகபட்டியின் பெயர் ஒரு மறுமொழி வைத்திருக்கிறது.

வடுகர் யார்?

வடுகு என்பது வடக்கைச் சுட்டும் அடியிலிருந்து பிறந்த சொல். தெலுங்கு மொழிக்கும் அதனைப் பேசுவோருக்கும் பழந்தமிழர் வழங்கிய பெயர் அது. பைரவருக்கும் வடுகர் என்னும் பெயர் சைவ மரபில் உண்டு. ஆயினும் ஊர்ப்பெயரில் அச்சொல் வருமிடத்து, வடக்கிலிருந்து வந்து குடியேறிய மக்களை அது சுட்டுகிறது என்று கொள்வதே இயல்பான பொருள்.

சங்கப் பாடல்களில் வடுகர் அச்சத்துக்குரியவர். வேங்கட மலைக்கு அப்பால், மொழி மாறும் நாட்டில் வாழ்பவர். சினம் மிக்க வேட்டை நாய்களை உடையவர். அவர்தம் பேச்சு தமிழ்ச் செவிக்கு விளங்காதது. அறியாத மனிதரைப் பற்றி எந்த நாட்டாரும் தீட்டும் ஓவியம் இவ்வாறே இருக்கும். புரியாத மொழியும் கடிக்கும் நாயும் அதில் தவறாமல் இடம்பெறும்.

பின்னர் விஜயநகரப் பேரரசு தெற்கே பரவியது. 16ஆம் நூற்றாண்டில் மதுரையில் விசுவநாத நாயக்கர் ஆட்சியை நிறுவினார். நாடு 72 பாளையங்களாகப் பகுக்கப்பட்டது என்பது வரலாறு. படைவீரரும் உழவரும் வணிகரும் கைவினைஞரும் தெலுங்கு நாட்டிலிருந்தும் கன்னட நாட்டிலிருந்தும் வந்து குடியேறினர். போடிநாயக்கனூர், கண்டமநாயக்கனூர், எரசக்கநாயக்கனூர் ஆகிய பெயர்களை உரக்கச் சொல்லிப் பார்த்தாலே அந்த வருகையின் காலடி ஓசை கேட்கும். கம்பம் பகுதியில் இன்றும் வீட்டுக்குள் கன்னடமும் வீதியில் தமிழும் பேசும் குடும்பங்கள் உண்டு. உத்தமபாளையத்திலும் கம்பத்திலும் பெரியகுளத்திலும் இராவுத்தர் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்கின்றன.

இவர்களுக்கு முன்னிருந்தோர் மட்டும் முதல்வர்களா? உத்தமபாளையத்தில் கருப்பணசாமி கோயிலை ஒட்டிய பாறையில் சமணத் தீர்த்தங்கரர்களின் சிற்பங்கள் ஆயிரமாண்டு மழையையும் வெயிலையும் தாங்கி நிற்கின்றன. அவற்றை வணங்கிய சமணர்கள் இன்று அங்கு இல்லை. ஊரார் அப்பாறையைத் தம் காவல் தெய்வத்தின் பெயரால் அழைக்கின்றனர். சின்னமனூரில் கிடைத்த செப்பேடுகளோ பாண்டிய மன்னரின் புகழைப் பேசுகின்றன. அந்தப் பாண்டியரும் இன்று இல்லை. இப்பள்ளத்தாக்கில் யாரைத் தொட்டு 'நீ எப்போது வந்தாய்?' என்று கேட்டாலும், சற்று முன்பின்னாக ஒரு வருகைக் கதையே விடையாகக் கிடைக்கும்.

கடற்கரையில் ஒரு சந்திப்பு

தமிழகத் திருச்சபையின் வரலாற்றில் வடுகர் என்னும் சொல் முதன்முதலில் நுழைவது அழுகுரலோடுதான். 1542ஆம் ஆண்டு முத்துக்குளித்துறைக்கு வந்த தூய சவேரியார், 1544இல் மணப்பாட்டிலிருந்து எழுதிய மடல்களில் 'படகர்' என்று ஒரு கூட்டத்தாரைக் குறிப்பிடுகிறார். வடுகர் என்பதே போர்த்துக்கீசியர் நாவில் அவ்வாறு திரிந்தது. விஜயநகர ஆட்சியைச் சார்ந்த அவ்வீரர்கள் குமரி முனைப் பகுதியில் புகுந்து, புதிதாகத் திருமுழுக்குப் பெற்றிருந்த மக்களைச் சூறையாடினர். மக்கள் கடலுக்குள் இருந்த பாறைகளுக்குத் தப்பியோடி, பசியாலும் தாகத்தாலும் வாடினர். சவேரியார் உணவுப் பொருள்களை ஏற்றிக்கொண்டு 20 தோணிகளுடன் மணப்பாட்டிலிருந்து புறப்பட்டார். எதிர்க்காற்று அவரைக் குமரிக்குச் செல்ல விடவில்லை. பின்னர்த் தரை வழியாகக் கால்நடையாகவே சென்று அம்மக்களைக் கண்டார். கோட்டாற்றருகே வடுகர் படையின் முன் அவர் சிலுவையேந்தித் தனியே நின்று தடுத்தார் என்னும் மரபு, குமரி மாவட்ட மக்களின் நினைவில் இன்றும் வாழ்கிறது.

ஆகவே நம் முன்னோரின் நினைவில் வடுகர் என்போர் முதலில் பகைவர். இதனை மறைக்க வேண்டுவதில்லை. சங்கப் பாடலில் சீறிய நாய், இங்கே குதிரையேறி வந்தது. ஆனால் வரலாறு ஒரு காட்சியோடு நின்றுவிடுவதில்லை.

மதுரையில் மறு சந்திப்பு

1595இல் கொன்சாலோ பெர்னாண்டஸ் என்னும் சேசு சபைக் குரு மதுரைக்கு வந்தார். முத்து வணிகத்தின் பொருட்டு அங்கு வாழ்ந்த பரவர்குலக் கிறிஸ்தவர்களைக் கவனிப்பதே அவர் பணி. பல ஆண்டு உழைத்தும் நகரத்தார் அவரை நெருங்கவில்லை. காரணம் எளியது. அவர் 'பறங்கி'. அவர் போதித்தது 'பறங்கி மார்க்கம்'. நாம் வடுகரை வேற்றாராகக் கண்டது போலவே, மதுரையார் நம் மறையை வேற்றாரின் உடைமையாகக் கண்டனர்.

1606இல் இத்தாலிய நாட்டவரான இராபர்ட் தெ நோபிலி அடிகளார் அங்கு வந்து சேர்ந்தார். தமிழுலகம் தத்துவ போதகர் என்று போற்றும் அவர், காவி உடுத்தார், புலால் நீக்கினார், தமிழைக் கற்றார். தெலுங்கையும் வடமொழியையும் பயின்றார். அவருக்கு வடமொழி கற்பித்து, மறைநூல்களின் வாயிலைத் திறந்துவிட்டவர் சிவதர்மர் என்னும் தெலுங்கு அந்தணர். அன்பர்களே, இங்கே சற்று நின்று எண்ணிப் பாருங்கள். சேசு சபையினர் தம் மடல்களில் தெலுங்கு மொழியையே 'படகா' என்று எழுதி வந்தனர். சவேரியாரின் மடலில் அழுகையோடு வந்த அதே சொல், நோபிலியின் நாளில் ஆசானின் தாய்மொழிக்குப் பெயராயிற்று. 1609இல் சிவதர்மர் திருமுழுக்குப் பெற்றார். குமரிப் பாறைகளில் மக்கள் தவித்த நாளுக்கும் இந்நாளுக்கும் இடையே 65 ஆண்டுகளே கடந்திருந்தன.

வடுகர் ஆண்ட நாட்டில் நம் குருக்கள் சிறையும் கண்டனர், சிறப்பும் கண்டனர். 1640இல் நோபிலி மதுரையில் சிறை வைக்கப்பட்டார், பின்னர் விடுவிக்கப்பட்டார். 1689 முதல் 1706 வரை ஆண்ட இராணி மங்கம்மாள் காலத்தில் புஷே அடிகளாருக்கு அரசவையில் மதிப்பான வரவேற்புக் கிடைத்தது. வடுகர் பெயரைத் தாங்கிய ஊர்களில் ஒன்றான, புள்ளம்பாடிக்கு அருகிலுள்ள வடுகர்பேட்டை, பழமையான கத்தோலிக்க ஊராக விளங்குகிறது. ஒரு காலத்தில் அச்சமூட்டிய பெயர், ஆலய மணி ஒலிக்கும் ஊரின் பெயராயிற்று.

நோபிலியின் வழியில் ஒரு நிழலும் உண்டு என்பதை நேர்மையோடு சொல்ல வேண்டும். 'பறங்கி' என்னும் சுவரைத் தகர்க்க முயன்ற அவர், சாதி என்னும் சுவரைத் தொடவில்லை. ஒரே மதுரையில் பெர்னாண்டசின் மக்களுக்கு ஒரு கோவிலும் நோபிலியின் மக்களுக்கு ஒரு கோவிலும் நின்றன. ஒடுக்கப்பட்டோரிடையே தடையின்றிப் பணிபுரியப் பண்டாரசாமிகள் என்னும் தனி வகுப்புக் குருக்கள் 1640ஆம் ஆண்டளவில் தோன்ற வேண்டியதாயிற்று. அந்த நிழல் நீண்டுகொண்டே சென்றது. நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்தில் ஒரே ஆலயத்துக்குள் சாதிக்கொரு பக்கமாக மக்களைப் பிரித்து நின்ற தடுப்பு, 1910இல்தான் நீக்கப்பட்டது. உலகம் நம்மை வேற்றார் என்றபோது வருந்திய நாம், நம் கோவிலுக்குள்ளேயே வேற்றாரை உண்டாக்கி வைத்திருந்தோம்.

வந்து சேர்ந்த அன்னையர்

மீண்டும் பள்ளத்தாக்குக்கு வருவோம். தேவதானப்பட்டியில் மஞ்சளாற்றங்கரையில் மூங்கிலணைக் காமாட்சியம்மன் கோயில் உள்ளது. அங்கே கருவறைக் கதவு திறக்கப்படுவதில்லை. அடைத்த கதவுக்கே வழிபாடு நடைபெறுகிறது. அம்மன் அங்கு வந்த கதையைத் தலவரலாறு இவ்வாறு கூறுகிறது: ஆற்றில் பெருவெள்ளம் வந்தபோது ஒரு பெட்டி மிதந்து வந்து, கரையிலிருந்த மூங்கிலில் தடைப்பட்டு நின்றது. ஊரார் அதனைத் திறந்து ஆராயவில்லை. வந்த தெய்வத்தை வந்த இடத்திலேயே வணங்கினர்.

இதே பள்ளத்தாக்கின் இராயப்பன்பட்டியில் பனிமய மாதாவுக்கு ஆலயம் உள்ளது. பனிமய மாதா தமிழகத்தில் முதலில் அறியப்பட்டது தூத்துக்குடியில். அங்குள்ள திருவுருவம் 1555இல் மணிலாவிலிருந்து கப்பலில் வந்தது என்பது தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்படும் மரபு. பனியே காணாத ஒரு கரையில் பனியின் பெயர் கொண்ட அன்னை இறங்கினார். அங்கிருந்து அவ்வணக்கம் முல்லையாற்றுப் பாசனத்து வயல்களுக்கும் வந்து சேர்ந்தது.

ஒரு தாய் வெள்ளத்தில் வந்தாள், மற்றொரு தாய் கடலில் வந்தாள் என்பதே மக்கள் நெஞ்சில் நின்ற கதைகள். இவ்விரு வழிபாடும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. நம் விசுவாசத்துக்கு அதன் எல்லையும் அதன் உள்ளடக்கமும் உண்டு. ஆனால் தம்மிடம் புகலடைந்ததைத் துரத்தாமல் இடங்கொடுத்துப் போற்றுவது புண்ணியம் என்று இப்பள்ளத்தாக்கு மக்கள் இரு மரபிலும் நம்பினர் என்பதை இக்கதைகள் காட்டுகின்றன. பிற சமயங்களில் உள்ள உண்மையானவற்றையும் தூயவற்றையும் திருச்சபை புறக்கணிப்பதில்லை என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் அறிவித்தது. அந்த அறிவிப்பு உரோமையிலிருந்து வருவதற்கு முன்பே, அனுமனின் பெயர் தாங்கிய அனுமந்தன்பட்டியில் நம் மக்கள் அப்பெயரை மாற்றாமலே வாழ்ந்து, திருப்பலியும் கண்டு வந்தனர். ஊர்ப்பெயர் அவர்களின் விசுவாசத்துக்கு இடறலாகவில்லை, அவர்களின் ஆலயமும் ஊருக்கு இடறலாகவில்லை.

மலையேறிய பாதை

வடுகபட்டியிலிருந்து வடமேற்கே நிமிர்ந்து பார்த்தால் பழனிமலைத் தொடர் தெரியும். 1845இல் அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்த குருமார்கள் கொடைக்கானலில் குடியிருப்பு அமைத்தனர். 1866இல் அங்கே கத்தோலிக்கருக்குச் சலேத் மாதா ஆலயம் எழுந்தது. 1895இல் செண்பகனூரில் சேசு சபையாரின் திருஇருதயக் கல்லூரி தோன்றியது. குருத்துவ உருவாக்கத்தில் அவ்வில்லத்தின் பெயரைக் கேளாதோர் தமிழகத் திருச்சபையில் இலர்.

மோட்டார் வண்டிச் சாலை அமைவதற்கு முன்னர் மலைக்குச் செல்லும் வழி பெரியகுளத்திலிருந்தே தொடங்கிற்று. ஊரிலிருந்து மலையடிவாரம் சென்றால் ஒரு தோப்பு வரும். அதன் பெயர் கிருஷ்ணமநாயக்கன் தோப்பு. அங்கிருந்து வளைந்து வளைந்து ஏறும் ஒற்றையடிப் பாதை செண்பகனூரை அடையும். நடக்க இயன்றோர் நடந்தனர். இயலாதோர் குதிரையிலும் டோலியிலும் ஏறினர். மலையுச்சியில் இறையியல் பயின்ற இல்லங்களுக்கான வழி, ஒரு நாயக்கரின் பெயர் கொண்ட மர நிழலில் தொடங்கியது. சுமை தூக்கி ஏறிய அடிவாரத்து உழைப்பாளிகளின் தோள்கள் அந்தப் பாதையைத் தாங்கின. தோப்பின் பெயர் ஏட்டில் உள்ளது. சுமந்தவர்களின் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. நம் கல்விமரபின் கணக்கில் அவர்களுக்கும் ஒரு வரவு எழுதப்பட வேண்டும்.

வந்த நீரும் வந்த மக்களும்

இப்பள்ளத்தாக்குக்கு மனிதர் மட்டுமா வந்தனர்? தண்ணீரும் வெளியிலிருந்தே வந்தது. மேற்கே அரபிக்கடல் நோக்கி ஓடிய பெரியாற்றைத் தேக்கி, மலையைக் குடைந்து, கிழக்கே திருப்பும் திட்டத்துக்காகத் திருவிதாங்கூர் அரசுக்கும் சென்னை மாகாண அரசுக்கும் 1886இல் 999 ஆண்டுக் குத்தகை ஒப்பந்தம் ஏற்பட்டது. ஆங்கிலேயப் பொறியாளர் ஜான் பென்னிகுயிக்கின் தலைமையில் கட்டப்பட்ட முல்லைப் பெரியாறு அணை 1895இல் பயன்பாட்டுக்கு வந்தது. காட்டுக் காய்ச்சலிலும் வெள்ளத்திலும் உயிர் நீத்த தொழிலாளர் பலர். அந்த நீரால் கம்பம் பள்ளத்தாக்கு இருபோக நெல் விளையும் பூமியாயிற்று.

ஆண்டுதோறும் சனவரி 15ஆம் நாள், பென்னிகுயிக் பிறந்த நாளில், உழவர்கள் அவர் படத்தின் முன் பொங்கலிட்டு வணங்குகின்றனர். குழந்தைகளுக்கு அவர் பெயரைச் சூட்டுகின்றனர். கூடலூரை அடுத்த லோயர் கேம்பில் 2013இல் அவருக்கு மணிமண்டபம் திறக்கப்பட்டது. அவர் எந்தச் சமயத்தார், எந்த நாட்டார் என்று அந்தப் பொங்கல் பானை கேட்பதில்லை. அவர் கொடுத்த நீரே அவரை ஊராராக்கியது.

ஆனால் நீர் அனைவருக்கும் ஒரே விதமாக வருவதில்லை. பெரியாற்று நீரும் வருசநாட்டு மலை நீரும் சேர்ந்து வரும் இடத்தில் வைகை அணை கட்டப்பட்டது. 71 அடி வரை நீர் தேக்கும் அந்த அணையை 1959இல் முதலமைச்சர் காமராசர் திறந்து வைத்தார். கீழே மதுரைச் சீமை செழித்தது. மேலே நீர்ப்பரப்பில் 14 சிற்றூர்கள் மூழ்கின. அவற்றுள் மெட்டூர் என்பதும் ஒன்று. வீடும் வயலும் கோயிலும் களமும் இழந்த மக்கள் மூட்டை முடிச்சுகளோடு நான்கு திசையும் சிதறினர். 1957இல் மெட்டூரிலிருந்து பெயர்ந்த ஒரு குடும்பம் வடுகபட்டிக்கு வந்தது. அக்குடும்பத்தின் நான்கு வயதுச் சிறுவனே பின்னாளில், நீரில் மூழ்கிய அம்மண்ணின் கதையைக் 'கள்ளிக்காட்டு இதிகாசம்' என்னும் புதினமாக எழுதிய வைரமுத்து. அந்நூல் 2003இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது.

பல நூற்றாண்டுகளுக்கு முன் வந்தவரின் பெயரைச் சூடிய ஊர், 1957இல் வந்தவருக்கும் கதவைத் திறந்தது. வருகிறவர் ஒவ்வொருவரும் மகிழ்ச்சியோடு வருவதில்லை. சிலரைப் படை கொண்டுவரும், சிலரைப் பஞ்சம் கொண்டுவரும், சிலரை அணைநீர் துரத்திக்கொண்டு வரும். ஏற்றுக்கொள்ளும் ஊருக்கு இந்த வேறுபாடு தெரிந்திருக்க வேண்டும். ஏற்பது என்பது இடம் தருவது மட்டுமன்று, வந்தவர் எதை இழந்து வந்தார் என்று கேட்டறிவதும் அதில் அடங்கும்.

கதவு அடைபட்ட நாள்கள்

இதே பள்ளத்தாக்கு தன் இயல்பை மறந்த நாள்களும் உண்டு. 2011 திசம்பரில் முல்லைப் பெரியாறு அணைச் சிக்கல் கொழுந்துவிட்டு எரிந்தது. இடுக்கித் தோட்டங்களில் உழைத்து வந்த தமிழ்த் தொழிலாளர்கள் அச்சுறுத்தப்பட்டு, குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு காட்டு வழியே நடந்து தேனி மாவட்டத்துக்குத் தப்பி வந்தனர். இப்புறத்திலோ மலையாளிகளின் கடைகள் தாக்கப்பட்டன. பல்லாண்டு பழகிய முகங்கள் ஒரே வாரத்தில் 'அந்நியர்' ஆயின. எல்லையின் இருபுறத்திலும் ஞாயிறு தவறாமல் திருப்பலிக்குச் செல்லும் மக்கள் இருந்தனர் என்பதை நாம் மறக்கலாகாது. ஒரே அப்பத்தை உண்டவர்களுக்கும் அந்த வாரத்தில் ஒருவர் மொழி மற்றவருக்குச் சங்க காலத்து வடுகர் மொழியாயிற்று.

எனவே, விருந்தோம்பல் நம் குருதியில் ஊறியது என்று மேடையில் சொல்லி மகிழ்வது போதாது. அது ஒவ்வொரு தலைமுறையும் புதிதாகக் கற்க வேண்டிய பாடம். கற்கத் தவறினால் ஒரு வாரத்தில் மறந்துவிடும்.

பங்கு என்னும் சொல்

இனி நம் இல்லத்துச் சொல் ஒன்றைப் பார்ப்போம். நாம் 'பங்கு' என்று அழைக்கும் அமைப்புக்கு ஐரோப்பிய மொழிகளில் வழங்கும் பெயர்கள் கிரேக்க மொழியின் 'பரோய்க்கியா' என்னும் சொல்லிலிருந்து பிறந்தவை. பரோய்க்கியா என்றால் என்ன? சொந்த ஊர் அல்லாத இடத்தில், பிறர் வீடுகளின் அருகே, குடியுரிமை இன்றித் தங்கி வாழ்தல். எபிரேய விவிலியத்தைக் கிரேக்கத்தில் பெயர்த்தவர்கள் அன்னிய நாட்டில் தங்கி வாழ்ந்தோரின் வாழ்வை இச்சொல்லாலேயே குறித்தனர். முதல் நூற்றாண்டின் இறுதியில் உரோமைத் திருச்சபை கொரிந்து திருச்சபைக்கு எழுதிய மடலில், தன்னை உரோமையில் தங்கியிருக்கும் அன்னியராகவே அறிமுகம் செய்துகொள்கிறது.

இராயப்பர் என்று நம் முன்னோர் அழைத்த திருத்தூதர் பேதுருவின் முதல் திருமுகமும், அன்னியராகவும் தற்காலக் குடிகளாகவும் வாழ்வோரை விளித்தே பேசுகிறது. அப்படியாயின் பங்கு என்பது அதன் மூலப் பொருளில் வந்தவர்களின் குடியிருப்பு. வடுகபட்டி என்பதும் வந்தவர்களின் குடியிருப்பு. கிரேக்க மொழியும் தமிழ் மொழியும் ஒன்றையொன்று அறியாமலே ஒரே கருத்துக்குப் பெயர் வைத்துள்ளன.

'நீங்கள் அந்நியர்' என்று யாரேனும் நம்மிடம் சொன்னால் நாம் சினந்து எழ வேண்டியதில்லை. நானூறு, ஐந்நூறு ஆண்டுக் கணக்கைச் சொல்லி நம் உரிமையை நிலைநாட்டலாம். குடிமக்களாக அதற்கு நமக்கு முழு உரிமை உண்டு, அரசியல் சட்டமும் அதற்குச் சான்று. ஆனால் விசுவாசிகளாக நாம் தரக்கூடிய ஆழமான மறுமொழி வேறு: 'ஆம், நாங்கள் வந்தவர்களே. நீங்களும் வந்தவர்களே. இந்த மண் நம் இருவரையும் ஏற்றுக்கொண்டது.' இவ்வாறு சொல்லும் துணிவு யாருக்கு வரும்? தன் கோவிலுக்குள் எவரையும் வேற்றாராக நிறுத்தாதவருக்கே வரும். கல்லறைத் தோட்டத்தில் பிரிவினை வைத்துக்கொண்டும், தேர் வரும் தெருவில் வேறுபாடு பார்த்துக்கொண்டும் இம்மறுமொழியைச் சொன்னால், அதனைக் கேட்பவர் நகைப்பர். எகிப்தில் அன்னியராய் இருந்ததை மறவாமல், தம்மிடையே தங்கும் அன்னியரை அன்பு செய்ய வேண்டும் என்று இஸ்ரயேலுக்கு இறைவன் கட்டளையிட்டார். அந்த நினைவு மங்கியபோதெல்லாம் இறைவாக்கினர் எழுந்து கடிந்துரைத்தனர்.

நாம் செய்யத்தக்கது

இத்தகைய சிந்தனைகள் ஏட்டளவில் நின்றுவிடக் கூடாது. ஆதலால் எளிய வேண்டுகோள் ஒன்றை வாசக அன்பர்கள் முன் வைக்கிறேன். நம் பங்குகளின் பொன்விழா, நூற்றாண்டு விழா மலர்களைப் புரட்டினால் ஆயர்களின் படங்களும் பங்குக் குருக்களின் பட்டியலும் கட்டடச் செலவுக் கணக்கும் கிடைக்கின்றன. மக்கள் எங்கிருந்து வந்தனர் என்னும் செய்தி அரிதாகவே கிடைக்கிறது. உங்கள் வீட்டு முதியவரிடம் இன்றே கேளுங்கள்: 'நாம் எந்த ஊரிலிருந்து வந்தோம்? ஏன் வந்தோம்? வந்த முதல் நாளில் யார் நமக்குத் தண்ணீர் கொடுத்தார்? யார் தங்க இடம் கொடுத்தார்?' கேட்டதை எழுதி வையுங்கள். அவர் மறைந்துவிட்டால் அந்த விடையும் அவரோடு மறைந்துவிடும்.

விடைகளில் பல வேற்றுச் சமயத்தார் பெயராக இருக்கும். தம் களத்து மேட்டில் முதல் கூரைக் கோவிலுக்கு இடம் விட்ட நாயக்கராக இருக்கலாம், கிணற்றைத் திறந்துவிட்ட இராவுத்தராக இருக்கலாம், வரப்பில் உடன் உழைத்த ஒடுக்கப்பட்ட குடும்பமாக இருக்கலாம். அப்பெயர்களை அடுத்த விழா மலரில் ஆயர் படத்துக்கு அடுத்த பக்கத்தில் அச்சிடுங்கள். அவர்களின் பேரப்பிள்ளைகள் இன்றும் ஊரில் இருந்தால், திருவிழா அன்று முதல் வரிசையில் அமரச் செய்யுங்கள். அண்மையில் வடமாநிலங்களிலிருந்து கட்டட வேலைக்கும் தோட்ட வேலைக்கும் வந்து, கோவிலின் கடைசித் தூணருகே மொழி புரியாமல் நிற்கும் தொழிலாளரையும் அவர்களோடு அழையுங்கள். நம் காலத்தின் வடுகர் அவர்களே.